நத்தை நடந்த கோடு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, மழை வலுத்திருக்கும் பத்து நாட்கள், நான் அந்த மலைக் கிராமத்துக்குப் போய்விடுவேன். மற்றவர்கள் வெயிலில் மலை பார்ப்பார்கள். எனக்கு மழைதான் வேண்டும். முப்பத்தொரு வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து, அடுத்தவர்களின் வாக்குமூலங்களை அடித்து அடித்துக் காது புளித்தவள் நான். தகரக் கூரையில் விழும் மழை யாரையும் எதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லாது.

தங்குவது எப்போதும் ஒரே வீட்டில். ஊரின் மேல்கோடியில், காட்டுக்குள் போகும் நடைபாதை தொடங்குமிடத்தில், மூன்று அறை வீடு. ஓர் அறையை வருகிறவர்களுக்கு விடுவார்கள். வீட்டுக்காரர் வழிகாட்டி. மலையேற வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவருவது தொழில். ஊர் அவருக்கு வைத்த பெயர் நத்தை. அவ்வளவு மெதுவாக நடப்பார். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அவரோடு போன ஒருவர்கூடக் கால் சுளுக்கித் திரும்பியதில்லை. நான் அவரைத் தம்பி என்பேன். அவர் மனைவி என்னை அக்கா என்பாள். என் துணியைத் தன் துணியோடு அடுப்பங்கரையில் உலர்த்துவாள். நான் சாப்பிடும் அளவு போதாது என்று சண்டை பிடிப்பாள்.

இந்த வருஷம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பையைத் தூக்க யாரும் வரவில்லை. பஸ் திரும்பும் இடத்தில் டீக்கடை வைத்திருப்பவர் தம்பி மனைவியின் அண்ணன். எப்போதும் வாயெல்லாம் பல்லாக வரவேற்கிறவர், அன்றைக்கு டீயை மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பி எங்கே?"

"வீட்லதான் இருக்காரு. எங்க போவாரு? கார்டைத்தான் வாங்கி வச்சுக்கிட்டாங்களே."

வழிகாட்டிகளுக்கு வனத்துறை ஓர் அடையாள அட்டை கொடுத்திருக்கிறது. அது கழுத்தில் இல்லாமல் யாரையும் காட்டுக்குள் கூட்டிப்போக முடியாது. அது போனால் நத்தைக்குத் தொழில் போயிற்று.

வழுக்கும் படிகளில் ஏறி வீட்டுக்குப் போனேன். அடுப்பைச் சுற்றி நட்டிருந்த குச்சிகளில் ஒரு ஜோடி ஷூகூடக் கவிழ்க்கப்படவில்லை. மழைக்காலத்தில் அந்த அடுப்பங்கரையில் வந்தவர்களின் ஈர ஷூக்கள் ஏழெட்டு ஜோடியாவது ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அவள் தரையில் உட்கார்ந்து உப்பு முடிச்சு தைத்துக்கொண்டிருந்தாள். பழந்துணியில் உப்பை வைத்துக் கட்டிக் குச்சி நுனியில் மாட்டுவது. அட்டைப்பூச்சி கடித்தால் ஒற்றி எடுக்கலாம். ஒரு கூடை நிறையத் தைத்து வைத்திருந்தாள். வாங்க ஆளில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது போலும்.

"வாங்கக்கா. நனைஞ்சுட்டீங்களே. துண்டு அங்க இருக்கு பாருங்க" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

நடந்தது இதுதான். போன வாரம் ஒரு கல்லூரிப் பெண்ணும் அவள் தோழியும் வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போயிருக்கிறார்கள். கையில் போன் இருந்தது. போனில் மலையேற்றக் கம்பெனியின் வரைபடம் இருந்தது. அதில் நடைபாதை ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டிலிருந்து ஓரிடத்தில் சின்னக் கிளை பிரிகிறது. கிளையின் நுனியில் குறியாக ஒரு கேமரா படம். 'காட்சி முனை' என்று பெயர். படம் எடுக்கப் போன பெண் புல்லில் கால் வைத்தாள். புல்லுக்குக் கீழே ஒன்றுமில்லை.

நாற்பதடி கீழே ஒரு மரத்தில் சிக்கிக் கிடந்திருக்கிறாள். தோழி ஓடி வந்து கத்தியது இந்த வீட்டு வாசலில். நத்தைதான் கயிற்றோடு இறங்கி, அவளைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டித் தூக்கி வந்தவர். பெண்ணுக்கு இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

"தூக்கிட்டு வந்தவருக்கு என்ன கிடைச்சுது தெரியுமாக்கா? மறுநாளே ரேஞ்சர் வந்து கார்டைக் கழட்டிட்டுப் போனாரு. அந்தக் கோட்டை நடந்து காட்டினது இவராம்."

"இவரா?"

"இவர்தான். கோடை காலத்துல கம்பெனிக்காரங்க ஒரு மஞ்சள் பொட்டியைக் கொடுத்து இடுப்புல மாட்டிக்கிட்டு நடக்கச் சொன்னாங்க. எங்கெல்லாம் நடக்குறாரோ அங்கெல்லாம் அதுவே கோடு போட்டுக்குமாம். மூணு நாள் நடந்தாரு. இப்ப, நீ நடந்த கோடுதானே, நீயே பொறுப்புங்கறாங்க."

நத்தை பின்கட்டில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "அக்கா, பஸ்ல கூட்டமா?" என்று கேட்டார். ஏதோ எனக்குத்தான் பெரிய கஷ்டம் நேர்ந்துவிட்டது மாதிரி. முதுகில் கயிறு அறுத்த காயம் சட்டை ஓரத்தில் தெரிந்தது.

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு ரேஞ்சர் ஆபீஸ்ல விசாரணை. இதுல கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வரச் சொன்னாரு கம்பெனி மேனேஜர். படிச்சுப் பாருங்க."

படித்தேன். கம்பெனியில் யாரோ அழகாக அடித்திருந்தார்கள். 'மேற்படி கிளைப்பாதையில் நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் நடந்து, அதனை நடைபாதையாகக் காட்டிக்கொடுத்தேன். இதனைப் படித்துப் பார்த்துச் சரியென ஒப்புக்கொள்கிறேன்.' எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற மூன்று வார்த்தைகளை என் கையாலேயே எத்தனை முறை அடித்திருப்பேன்! அந்த மூன்று வார்த்தைகள் போதும், ஓர் ஆளை உள்ளே தள்ள.

"போட்டுடாதே தம்பி."

"நான் அங்க நடந்தது உண்மைதானேக்கா?"

"உண்மைதான். அதுக்காக?"

"நடந்துட்டு நடக்கலைன்னு எப்படிச் சொல்றது?"

"பாருங்கக்கா இந்த மனுஷனை!" அவள் ஊசியைக் கூடைக்குள் போட்டாள். "நாலு நாளா இதே பாட்டுதான். ரேஞ்சர் கேட்டப்பவும் இப்படித்தான். அங்க போனியான்னாரு. இவரு போனேன்னாரு. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது."

அதற்குள் டீக்கடை அண்ணன் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். தங்கை ஒரு குவளைக் கஞ்சியை நீட்டினாள். அதை ஊதிக்கொண்டே ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, நான் சொல்றதைக் கேளுங்க. கையெழுத்துப் போட்டுட்டா கம்பெனி உங்களைக் கைவிட்டுடாது. அவங்க முகாம்ல வாட்ச்மேன் வேலை தர்றேன்னு மேனேஜர் என்கிட்ட வாய்விட்டுச் சொல்லியிருக்காரு. மழையில நனைய வேணாம், மேடு ஏற வேணாம். கேட்டைத் திறக்கணும், மூடணும்."

"அண்ணே, உன் கடை முன்னாடி கம்பெனி பஸ் நிக்குதுன்னு இவரைக் கேட்டுல கட்டிப் போடப் பாக்குறியா?"

"நான் என்ன எனக்காகவா சொல்றேன்? மோதுறதுக்கு ஆள் பாத்து மோதணும். அவங்ககிட்ட வக்கீல் இருக்கான். நம்மகிட்ட என்ன இருக்கு? உப்பு முடிச்சு இருக்கு."

"மச்சான் சொல்றதும் சரிதான்" என்றார் நத்தை, யாருக்கும் வலிக்காத குரலில். எனக்கு அந்தக் குரலைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நல்லவர்கள் சிலர் இப்படித்தான், தன் கழுத்துக்கு விழும் கயிற்றை முறுக்கு சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக் கொடுப்பார்கள்.

அண்ணன் போன பிறகு என் போனை எடுத்தேன். பஸ் ஏறும் முன்பே கீழே ஊரில் அந்த வரைபடத்தை இறக்கி வைத்திருந்தேன். கிராமத்தில் டவர் கிடைக்காது என்பதால் வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கோட்டைப் பெரிதாக்கி நத்தையிடம் காட்டினேன். தன் நடையைப் படமாக அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஒழுங்கான பாதைதான் இருக்கு. ஆனா இதென்ன, இந்த இடத்துல மரத்தை நாலு சுத்து சுத்தியிருக்கே?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அது... மேல தேன்கூடு இருந்துச்சு. எந்தப் பக்கம் ஏறலாம்னு பாத்தேன்."

"இது? ஓடைக்குள்ள இறங்கி ஏறுது."

"துண்டு விழுந்துடுச்சு."

"இது என்ன தம்பி? பாதையை விட்டுப் புதருக்குப் பின்னாடி போகுது. இங்கயும் ஒரு கேமரா படம் போட்டு காட்சி முனைன்னு எழுதியிருக்கு."

நத்தை மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு இவருக்கு வயிறு சரியில்லக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டது. "கொஞ்ச நேரம் ஆயிருக்கும்."

"அந்தப் பொட்டியை அணைச்சு வைக்கக் கூடாதா தம்பி?"

"அணைக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. கழட்டவும் கூடாதுன்னாங்க."

மூவரும் சிரித்தோம். நாலு நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். அந்தப் புதருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ!

பிறகு நான் கோட்டை அந்தப் பெண் விழுந்த இடத்துக்கு நகர்த்தினேன். சிரிப்பு நின்றது.

"இங்க எதுக்குப் போனே?"

"அங்கதான் டவர் கிடைக்கும்" என்றார். "இந்தப் பக்கம் முழுக்கத் தேடினாலும் அந்தப் பாறை விளிம்பு ஒண்ணுலதான் எதிர் மலையில இருந்து டவர் எடுக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் போன் பண்ணி, எங்க இருக்கேன்னு சொல்லணும்னாரு மேனேஜர். அதுக்குத்தான் போனேன். வெயில் காலம், வெறும் பாறை பளிச்சுனு தெரியும். ஒரு கையால மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு பேசினேன். லைன் கிடைக்க நேரமாச்சு. மழை வந்தா புல்லு விளிம்பைத் தாண்டி வளந்துடும்கா. பாத்தா தரை மாதிரியே இருக்கும்."

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

"போன் பண்ணச் சொன்னது அவங்க. அதுக்காகத்தான் நீ அங்க போனே. இதை ரேஞ்சர்கிட்ட சொன்னியா?"

"அவர் கேக்கலையே. போனியான்னுதான் கேட்டாரு."

முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ வாக்குமூலங்களில் 'போனேன்' என்று அடித்திருக்கிறேன். எதற்குப் போனாய் என்று யாருமே கேட்காமல் எழுதப்பட்ட 'போனேன்'கள் எத்தனை என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, என் மேலேயும்.

"நாளைக்கு நான் வர்றேன்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. ரேஞ்சர் ஆபீஸ் என்பது ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரோரம் அடுக்கிய பூஞ்சை பிடித்த கோப்புகள். மூலையில் ஒழுகும் இடத்துக்குக் கீழே ஒரு வாளி. ரேஞ்சர் கெட்டவரில்லை, அவசரக்காரர். சீக்கிரம் முடித்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்ற தவிப்பு முகத்தில் எழுதியிருந்தது. மேனேஜர் ஆரஞ்சு நிற மழைச்சட்டையில், கையில் பெரிய போனோடு, காலுக்கு மேல் கால் போட்டிருந்தார். நத்தைக்கும், கூட வந்த அவர் மனைவிக்கும் எனக்கும் உட்கார இடமில்லை. டீக்கடை அண்ணன் வாசலோடு நின்றுகொண்டார்.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்றார் மேனேஜர்.

"சார், ஒண்ணு சொல்லணும்" என்றார் நத்தை. டவர் விஷயத்தை அவருடைய வேகத்தில் சொன்னார். ரேஞ்சர் நடுவில் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்படி எந்த விதியும் எங்ககிட்ட எழுத்துல இல்ல சார்" என்றார் மேனேஜர். "பத்து நிமிஷத்துக்கு மேல ஒரு இடத்துல நின்னா, அதைக் காட்சி முனைன்னு சிஸ்டமே எடுத்துக்கும். இவர் நின்னிருக்காரு. நாங்க என்ன பண்ண முடியும்?"

"வயிறு வலிச்சு உக்காந்த இடத்தையும் காட்சி முனைன்னு போட்டிருக்கே உங்க சிஸ்டம்!" என்று நான் கத்திவிட்டேன். "ஒரு மனுஷன் போய்ப் பாத்திருந்தா இது நடந்திருக்குமா?"

"அம்மா, நீங்க யாரு?" என்றார் ரேஞ்சர்.

"அவங்க வீட்டுக்கு வந்தவ. ரிட்டயர்டு கோர்ட் டைப்பிஸ்ட். இடத்தைப் போய்ப் பாக்காம விசாரணையை முடிச்சு அனுப்புறீங்க. கேஸ் கோர்ட்டுக்கு வந்தா முதல் கேள்வியே அதுதான். இடத்தைப் பாத்தீங்களான்னு உங்களைத்தான் கூண்டுல ஏத்திக் கேப்பாங்க."

ரேஞ்சர் பேனாவை மூடினார். நத்தையின் மனைவி முன்னால் வந்தாள். சத்தம் போடவில்லை.

"சார், அந்தக் கோட்டைப் போட்டவங்க நடந்து பாக்கல. விசாரிக்கிற நீங்க நடந்து பாக்கல. விழுந்த பொண்ணு நடந்துச்சு, தூக்கிட்டு வந்த இவர் நடந்தாரு. நடந்தவங்க ரெண்டு பேருக்கும்தான் தண்டனையா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் போனைக் கையில வச்சுக்கிட்டு நடந்து பாருங்க. அப்புறம் எதுல வேணும்னாலும் இவரைக் கையெழுத்துப் போடச் சொல்றேன்."

"சரி, வாங்க" என்று ரேஞ்சர் தொப்பியை எடுத்தார். "நீங்களும்தான் மேனேஜர்."

மழை விட்டபாடில்லை. நத்தை முன்னால், அவருக்குப் பின்னால் ரேஞ்சர், மேனேஜர், நாங்கள் இரண்டு பேர். அண்ணன் கடையைக் காரணம் சொல்லி நழுவிவிட்டார். பாதை முழுக்கச் சேறும் வேரும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மேனேஜர் நின்று காலிலிருந்து அட்டைப்பூச்சியைப் பிடுங்கினார். அவள் ஒன்றும் சொல்லாமல் ஓர் உப்பு முடிச்சை அவர் கையில் திணித்தாள். "இவ்வளவு மெதுவா போனா எப்பப் போய்ச் சேர்றது?" என்று மேனேஜர் சலித்துக்கொண்டதும் நத்தை இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்தார்.

மரத்தைச் சுற்றிய இடத்தையும், துண்டு விழுந்த ஓடையையும் ரேஞ்சருக்குக் காட்டினார். புதர் வந்தபோது, "இது அக்கா சொன்ன இடம் சார்" என்று தலையைக் குனிந்துகொண்டார். நனைந்த இலையும் ஈயும் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ரேஞ்சர் போனிலிருந்த கேமரா படத்தைப் பார்த்தார், புதரைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். அவர் முகம் அப்போதுதான் மாறத் தொடங்கியது.

கிளை பிரியும் இடத்தில் நத்தை கையை விரித்து மறித்தார். "இதுக்கு மேல யாரும் வராதீங்க. இங்க இருந்தே பாக்கலாம்."

முன்னால் மூடுபனி. அதற்கு முன் பச்சைப் புல், மழையில் கழுவிவிட்ட மாதிரி, அகலமாக, உட்காரலாம் போல.

"இன்னும் பதினெட்டு மீட்டர் காட்டுதே" என்றார் மேனேஜர், தலையைப் போனிலிருந்து எடுக்காமலே. "காட்சி முனை அங்கதான் இருக்கணும். இங்க நல்லாத் தரைதானே இருக்கு?" விரித்த கைக்கு அடியில் குனிந்து நுழைந்து போனார். நத்தை பின்னாலேயே போய் விளிம்போரத்து மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது மேனேஜரின் போன் அடித்தது. காலையிலிருந்து செத்துக் கிடந்த போன். அதோடு வந்து நின்றிருந்த செய்திகள் எல்லாம் டிங் டிங்கென்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. யார் என்று பார்க்க முகத்தருகே தூக்கிக்கொண்டு, நாம் எல்லோரும் செய்வதுபோல, இரண்டு எட்டு நடந்தார்.

இரண்டாவது எட்டில் புல் உள்வாங்கியது. அவர் ஒரு கால் இடுப்பு வரை காணாமல் போயிற்று. நத்தையின் கை மழைச்சட்டைக் காலரில் இருந்தது. எப்போது பிடித்தார் என்று நான் பார்க்கவில்லை. அவ்வளவு மெதுவான மனிதர்! இன்னொரு கை மரத்தில். புல்லின் ஓட்டை வழியாகக் கீழே மர உச்சிகள் தெரிந்தன. ரேஞ்சர் பாய்ந்து வந்து மேனேஜரின் தோளைப் பிடித்து மேலே இழுத்தார். மேனேஜர் நத்தையின் காலடியில் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். போன் மட்டும் கையில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

ரேஞ்சர் மேனேஜரைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னைக்கு இவரு உங்களுக்குப் போன் பண்ணினாரா?"

"பண்ணியிருப்பாரு."

"எங்க இருந்து பண்ணியிருக்க முடியும்?"

மேனேஜர் புல்லில் விழுந்த ஓட்டையைப் பார்த்தார். ரேஞ்சர் தன் சட்டைப் பையைத் துழாவி அடையாள அட்டையை எடுத்தார். நத்தைக்கு இரண்டு கையும் ஒழிவில்லை. ஒன்று மரத்தில், இன்னொன்று இன்னும் காலரில். அதனால் ரேஞ்சரே அட்டையை அவர் சட்டைப் பைக்குள் வைத்தார். "அந்தக் காகிதம் வேண்டாம். நான் வேற எழுதிக்கிறேன்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, திரும்பிப் போகலாம் என்றுதான் நான் நினைத்தேன்.

நத்தை நகரவில்லை.

"கார்டு இருக்கட்டும் சார். மொதல்ல வரைபடத்துல இருந்து அந்தக் கேமரா படத்தை அழிக்கச் சொல்லுங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. காலையிலயே நாலு பஸ் வரும்."

"ஆபீஸ் போனதும் செஞ்சுடறேன்" என்றார் மேனேஜர். "திங்கக்கிழமை கண்டிப்பா."

"நாளைக்கு வர்றாங்க சார்."

"இங்க இருந்து எப்படிப்பா..."

"இங்கதான் சார் டவர் இருக்கு. இங்கயே பண்ணுங்க."

ரேஞ்சர் தலையாட்டினார். மேனேஜர் மழைத் தண்ணீரை வழித்துவிட்டு எண்களை அழுத்தினார். லைன் கிடைக்க நேரமாயிற்று. மறுபக்கம் யாரோ எடுத்தார்கள். எந்தப் பாதை, எந்தக் கிளை, எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் கழுத்தைத் திருப்பி, "விடுப்பா, நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்றார்.

"பரவால்ல சார்" என்றார் நத்தை. "நீங்க பேசி முடிங்க. நான் பிடிச்சிருக்கேன்."